பின்வாசல் நீர்மட்டம்

ஓர் எண் நிலையாக நிற்கவில்லை என்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் நகத்தைக் கடிப்பேன், சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது. மண்ணுக்குக் கீழே தண்ணீர் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று அளந்து சொல்வது என் பிழைப்பு. துளை போடுவோம், குழாய் இறக்குவோம், நாடாவை விட்டு அளந்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு வருவோம். அந்த எண்ணை நம்பி ஒருவர் வீட்டைக் கட்டுவார், இன்னொருவர் பாலத்தைக் கட்டுவார். அதனால் எண்ணில் விளையாட்டு கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி. அலுவலகத்தில் இதற்கு வேறு வார்த்தைகளும் வைத்திருக்கிறார்கள், அவை இங்கே வேண்டாம்.

அப்படிப்பட்ட எனக்கு என் சொந்த அக்கா வீட்டுப் பின்வாசலிலேயே தண்ணீர் தண்ணி காட்டியது. நேற்றைக்கு ஓர் ஆழம், இன்றைக்கு ஓர் ஆழம். தரைக்கடியில் இருக்கிற தண்ணீர் அவசரமே இல்லாத ஜென்மம். மழைக்காலத்தில் விரல் விரலாக ஏறும், வெயில் காலத்தில் விரல் விரலாக இறங்கும். இப்படிக் குதிக்காது.

துளை போட்டதே அத்தானுக்காக. அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், காகித ஆலையில் கொதிகலன் அறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். அந்த இரைச்சல் அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டது. ஓய்வு பெற்ற கையோடு போய் ஒரு ட்ரம்பெட் வாங்கிக்கொண்டு வந்தார். சின்ன வயது ஆசையாம். காது மந்தமானவர் ஊதினால் எப்படி ஊதுவார்? தனக்குக் கேட்கிற அளவுக்கு ஊதுவார். மாடி அறையில் அவர் ஆரம்பித்தால் பக்கத்துச் சலவைக்கடையில் சட்டை மடிக்கிறவர்கள் கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். தெருப் பிள்ளைகள் அவருக்கு 'ரயில்' என்று பேர் வைத்துவிட்டார்கள். ரயில் வந்தாச்சு, ரயில் போயாச்சு என்று அவர்களுக்கு ஒரே கும்மாளம்.

அக்காவுக்கு இது பெரிய தலைவலி. ஊரைக் கூட்டி நியாயம் கேட்கிற ரகம் இல்லை என்றாலும் வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் புலம்பித் தீர்த்தாள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், நான் இருக்கும்போதே, இந்தக் கருமத்தைப் பாதாளத்தில் போய் ஊதித் தொலையுங்கள் என்று கத்தினாள். கத்தினால்தான் அத்தானுக்குக் கேட்கும் என்பது வேறு விஷயம். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அதற்கப்புறம் அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்தது மறுபிறவி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, தேறி, மூச்சுக்கு நல்லது என்று டாக்டரும் தலையாட்டியதும் மறுபடியும் ட்ரம்பெட்டைக் கையில் எடுத்தார். அதோடு புதிதாக ஒரு திட்டத்தையும் எடுத்தார். பின்வாசலில் தரைக்குக் கீழே ஓர் அறை, நாலு பக்கமும் கான்கிரீட், மேலே கனத்த மூடி. உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. பாதாளத்தில் போய் ஊது என்றாளே, அந்தப் பாதாளத்தையே கட்டிவிடுவதென்று முடிவு செய்துவிட்டார்.

மேஸ்திரி வந்து பார்த்தார். அறையின் தளம் மூன்று மீட்டர் ஆழத்தில் வரும், தண்ணீர் அதற்கும் ஒரு மீட்டராவது கீழே இருக்க வேண்டும் என்றார். நாலு மீட்டருக்குக் கீழே தண்ணீர் இருந்தால் தோண்டுவேன், நாலுக்கு மேலே வந்தால் கடப்பாரையைத் தொட மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது அவருக்கு மட்டும்தான் நினைவிருந்தது போல. அத்தான் என்னைப் பார்த்தார். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும் என்றார். வாயைக் கொடுக்காமலே மாட்டிக்கொண்டேன்.

எங்கள் அலுவலகத்தில் துளை போடுகிறவருக்குத் திருகாணி என்று பேர். கைத்துளைப்பானைப் பிடித்துக்கொண்டு அவர் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து யாரோ வைத்த பேர், ஒட்டிக்கொண்டது. அவரைக் கூட்டிப் போய் அக்காவின் பூந்தொட்டிகளுக்கு நடுவே ஆறு மீட்டருக்குத் துளை போட்டோம். முழுக்கக் களிமண். துளையில் கீழ்ப்பாதி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயை இறக்கி, சுற்றிலும் சல்லி கொட்டி, மேலே திருகு மூடி போட்டோம். துளை காய்ந்து கிடந்தது. அத்தான் எட்டிப் பார்த்து, தண்ணீரே இல்லையே, நாளைக்கே தோண்டலாமா என்றார். களிமண்ணில் துளை போட்ட அன்றைக்கே அளப்பவனை எங்கள் தொழிலில் யாரும் மதிக்க மாட்டார்கள். களிமண் கருமி. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். குழாய்க்குள் தண்ணீர் ஊறி, சுற்றியுள்ள மண்ணில் இருக்கிற மட்டத்துக்கு வந்து நிற்கப் பல நாள் ஆகும். பொறுங்கள் அத்தான் என்று இரண்டு தடவை கத்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

பொறுத்துப் போய் அளந்தேன். நாடாவின் நுனியில் இருக்கிற முள் தண்ணீரைத் தொட்டதும் கையில் இருக்கிற பெட்டி கீச்சென்று கத்தும். கத்தியது. தரையிலிருந்து நாலு மீட்டர் எழுபது சென்டிமீட்டர். அத்தானுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. அக்கா பூவாளியை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டிகளுக்கு ஊற்றினாள். இன்னொரு தடவை வந்து பார்த்து உறுதி செய்துகொண்டு மேஸ்திரிக்குச் சொல்கிறேன் என்றேன். ஒரே அளவை வைத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

அந்த இன்னொரு தடவையில்தான் வினை பிடித்தது. குழாயின் மூடியைத் திறக்கவே முடியவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்து, உள்ளங்கை சிவந்த பிறகுதான் திரும்பியது. நாடாவை விட்டால் மூன்று இருபதிலேயே கீச்சென்றது. தூக்கி, துடைத்து, மறுபடி விட்டேன். மூன்று இருபது.

நேராகத் திருகாணியிடம் போய்ச் சண்டை போட்டேன். மூடியை இப்படி முறுக்கி வைப்பதா என்று ஆரம்பித்து, குழாயின் வாயை அறுத்தீர்களா, தரை மட்டத்தைத் தப்பாகக் குறித்தீர்களா என்று கேட்டேன். நாங்கள் அளப்பது குழாயின் வாயிலிருந்து. வாய் தரைக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதைக் கழித்தால்தான் தரையிலிருந்து ஆழம் வரும். அதைக் கழிக்க மறந்து பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவமானப்பட்டிருக்கிறார்கள். அவர் தானே வந்து மறுபடி அளந்து காட்டினார். எல்லாம் போட்டபடியே இருந்தது. மூடியை, தான் அன்றைக்குப் பிறகு தொடவே இல்லை என்றும் சொன்னார். நான் நம்பவில்லை. நம்பாததற்கு அவர் கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொண்டதற்கு நான் கோபித்துக்கொண்டேன்.

மழை இல்லை. தெருவில் குடிநீர்க் குழாய் எங்கேயும் உடையவில்லை, தெருவோரம் நடந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். படுத்தால் மூன்று இருபது, எழுந்தால் மூன்று இருபது. ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிடி கிடைத்தது. சலவைக்கடை. அவர்களிடம் சொந்தமாக ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. பம்ப் ஓடினால் சுற்றுப்பக்கத்துத் தண்ணீரெல்லாம் இறங்கும், நிறுத்தினால் மெல்ல ஏறும். நான் முதலில் அளந்த நாளில் பம்ப் ஓடியிருக்கும், அடுத்த தடவை நின்றிருக்கும். அப்படியானால் நாலு எழுபது பொய், தண்ணீரின் உண்மையான மட்டம் மேலே. அறை கட்டினால், என்றைக்காவது சலவைக்கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் போன மறுவாரம், அத்தான் ட்ரம்பெட்டோடு மிதப்பார்.

சலவைக்கடைக்காரர் சாது. அவரைப் போய் நான் மிரட்டியிருக்க வேண்டாம். உங்கள் பம்பினால் என் அளவு கெட்டுப் போகிறது, ஒரு பகல் முழுக்க நிறுத்தி வையுங்கள் என்று அதட்டினேன். அம்மா, சட்டையை எச்சில் தொட்டா துவைக்கிறது என்று கேட்டார். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொண்டார். நாலு வீட்டுத் துணி நாறினால் தெரு என்னைத்தான் சபிக்கும் என்று தெரிந்தே அந்தப் பகல் முழுக்க அக்கா வீட்டுப் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

அக்கா அன்றைக்கு வீட்டில் இல்லை. அவள் சிநேகிதிக்குக் கண் ஆபரேஷன், துணைக்குப் போய் முந்தின நாளே அங்கே தங்கிவிட்டாள். அத்தான் மாடியில் கொஞ்சம் ஊதுவார், இறங்கி வந்து என் பக்கத்தில் நிற்பார், மறுபடி ஏறுவார். ஒரு தடவை இரண்டு குவளை தேநீரோடு வந்து, தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, தானாகவே பேசினார். காது மந்தமானவர்கள் ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"முன்னெல்லாம் உங்க அக்கா ஒரு நாளைக்கு ஒரு தடவை வந்து திட்டுவா. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த பிறகு பாரு, நான் எப்ப நிறுத்தினாலும் உடனே படியேறி வந்துடறா. வந்து நின்னு, ஒரு பார்வை பாத்துட்டு, திட்டிட்டுப் போறா. மூச்சு வாங்க ஏறி வர்றா. பாவம், அவளால தாங்க முடியலை. அதான் சீக்கிரமா தோண்டிடணும்."

அவளுக்காகத்தான் அறை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தொல்லை பிடித்த மனிதர் தன் சௌகரியத்துக்குக் கட்டுகிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். மனசு கொஞ்சம் இளகியது. இளகிய மனசோடு நாடாவை விட்டேன்.

பம்ப் நின்றிருக்கிறது, தண்ணீர் ஏற வேண்டும். இறங்கியிருந்தது. காலையில் மூன்று எண்பது, மதியம் மூன்று தொண்ணூற்றைந்து, மாலையில் நாலு பத்து. மேலே போக வேண்டியது கீழே போகிறது. குதிரைக்குக் கொம்பு முளைத்தாலும் ஒப்புக்கொள்வேன், இதை எப்படி ஒப்புக்கொள்வது? சலவைக்கடைக்காரர் வேலியோரம் வந்து, உங்களுக்கு ஆயிற்றா, பம்பைப் போடலாமா என்று பவ்யமாகக் கேட்டார். போட்டுத் தொலையுங்கள் என்று சொன்னேன். அவர் பாவம், நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மேஸ்திரி ஆள் கூட்டி வைத்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை தொடங்குவதா இல்லையா என்று அத்தானை நச்சரித்தார், அத்தான் என்னை நச்சரித்தார். மூன்று இருபதா, நாலு பத்தா, நாலு எழுபதா? ஒன்றில் அறை உண்டு, ஒன்றில் அறை இல்லை, நடுவில் இருப்பதோ இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அலுவலகத்தில் வேறு இடத்து வேலையில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். திருகாணி என்னைப் பார்த்தாலே வேறு பக்கம் நடந்தார்.

பொறுக்க முடியாமல் மறுநாளைக்கு மறுநாள், வேலைக்கு நடுவிலேயே, சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். மாடியில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அடுக்களையில் இருந்தாள். நான் பக்கவாட்டு வழியாக நேரே பின்வாசலுக்குப் போய்க் குழாயின் மூடியைப் பிடித்தேன். இறுக்கம் என்றால் அப்படி ஓர் இறுக்கம். திருகாணி வந்திருக்க வழியே இல்லை. துணியைச் சுற்றித் திருப்பிக்கொண்டிருக்கும்போதே என் கைக்கு ஏதோ புரிந்துவிட்டது. இந்த இறுக்கம் எனக்குப் பழக்கமானது. சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பா, பிஸ்கட் டப்பா, எண்ணெய்ப் பாட்டில் எதையும் நான் ஒரே முயற்சியில் திறந்ததில்லை. அக்கா மூடி வைத்தால் அது முத்திரை வைத்த மாதிரி. எறும்பு போகக் கூடாது என்பாள், எறும்பு என்ன, எங்களாலேயே போக முடியாது.

நாடாவை விட்டேன். இரண்டு அறுபது. மேலே இழுத்தபோது முள்ளின் மேல் நுரை. மூக்கருகே கொண்டு போனேன். எலுமிச்சை வாசம், பாத்திரம் கழுவுகிற திரவத்தின் வாசம். நிலத்தடி நீரில் இரும்பு வாசம் வரும், அழுகல் வாசம் வரும், எலுமிச்சை இதுவரை வந்ததில்லை. தொட்டிகளுக்குப் பக்கத்தில் பூவாளி கிடந்தது. அதன் மூக்கிலிருந்த சல்லடை கழற்றி வைக்கப்பட்டிருந்தது. மூக்கு குழாயின் வாய்க்குள் கச்சிதமாகப் போனது.

எனக்குக் கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை. அந்தக் குழாயையும் சுற்றியுள்ள சல்லியையும் சேர்த்தால் ஒரு பூவாளித் தண்ணீர் ஒன்றரை மீட்டருக்கு ஏற்றிவிடும். மணலாக இருந்தால் ஊற்றின தண்ணீர் உடனே ஓடிப் போயிருக்கும். களிமண் என்பதால் அது கதவைச் சாத்திக்கொண்டு, ஊற்றினதை ஊற்றினபடி நாள் கணக்கில் வைத்திருந்து, மெல்ல மெல்லத்தான் விழுங்கும். அக்கா வீட்டில் இல்லாத அன்றைக்கு மட்டும் மட்டம் இறங்கிக்கொண்டே போனதும் அதனால்தான். நான் சலவைக்கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறேன். பூதம் அடுக்களையில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறது.

கையில் நாடாவோடு உள்ளே போனேன். அக்கா நுரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கையைத் துடைத்தாள். மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அறையைக் கேட்டதே நீதானே, பாதாளத்தில் போய் ஊதச் சொன்னதும் நீதானே என்றேன். குரல் உயர்ந்துதான் போயிருக்கும். மேலே ட்ரம்பெட் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. அவள் அடுப்பை அணைத்தாள், அணைந்திருந்ததை மறுபடி சரிபார்த்தாள். அப்புறம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு அவர் குளியலறைல விழுந்து கிடந்தார்ல. நான் இங்கதான் நின்னேன். வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தேன். ரேடியோவுல எவனோ ஜோக் சொன்னான், சிரிச்சேன். அவர் அங்க கிடக்கறார், நான் இங்க சிரிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு சத்தம் இல்லடி. ஆளு விழுந்த சத்தம்கூட எனக்குக் கேக்கலை."

நான் நாடாவை அடுப்பு மேடையில் வைத்தேன்.

"இப்ப அவர் ஊதிக்கிட்டு இருந்தா எனக்கு நிம்மதி. நிறுத்தினாத்தான் பயம். அதான் ஏறிப் போய்ப் பாக்கறேன். சும்மா போய் நின்னா என்னன்னு கேப்பாரு. அதான் திட்டறேன். மண்ணுக்கு அடில அத்தனை பெரிய மூடியப் போட்டு உக்காந்துக்கிட்டாருன்னா நான் எப்படிடி தெரிஞ்சுக்கறது?"

மாடியில் சத்தம் நின்றது. அக்கா பேச்சைப் பாதியில் விட்டாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கை சுவரில், ஒரு கால் படியின் பக்கம். மேலே அத்தான் இருமினார், மறுபடி ஊத ஆரம்பித்தார். அவள் மூச்சை விட்டாள்.

ஓர் எண் நிலையாக நிற்கவில்லை என்றதற்கே நான் இத்தனை நாள் பைத்தியம் பிடித்துத் திரிந்திருக்கிறேன். இவள் மாதக்கணக்கில் இப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறாள்.

அவரிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். அதற்கு அவளுக்கு வாய் வரவில்லையாம். அத்தனை பேரிடமும் இந்தச் சத்தத்தைத் திட்டிவிட்டு இப்போது போய் எனக்கு அது வேண்டும் என்று எந்த முகத்தோடு சொல்வது? அதோடு பயப்படுகிறாள் என்று தெரிந்தால் அவர் சிரிப்பார், இல்லையென்றால் அவரும் பயப்படுவார். இரண்டில் எது என்றாலும் அவளால் பார்க்க முடியாது. தண்ணீர் மேலே இருக்கிறது என்று ஆகிவிட்டால் யார் மேலும் பழி இல்லாமல் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள். முதல் நாள் கொஞ்சமாக ஊற்றினாளாம், ஏறினது போதாதோ என்று அப்புறம் நிறைய ஊற்றினாளாம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று எனக்குச் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

மூன்று மீட்டர் என்று சொல்லிவிடு, உனக்குக் கோடிப் புண்ணியம் என்று என் கையைப் பிடித்தாள். ஈரக் கை. நான் கையை உருவிக்கொண்டேன். எந்த எண்ணையும் நான் மாற்றிச் சொன்னதில்லை, உனக்காகவும் மாட்டேன், நீ வாயைத் திறந்து பேசு என்றேன். சொல்லும்போதே கல் மனசுக்காரி என்று எனக்கே பட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பின்வாசலுக்குப் போய், சின்ன வாளி போலிருக்கிற குப்பியைக் கயிற்றில் கட்டிக் குழாயில் விட்டு, நுரைத் தண்ணீரையெல்லாம் இறைத்துக் கொட்டினேன். வற்ற வைத்துவிட்டு வந்தேன். இனி மண் தன் தண்ணீரைத் தானே கொண்டு வந்து நிறுத்தட்டும். அதற்கும் நாள் ஆகும் என்பதால் திங்கட்கிழமையைத் தள்ளிப் போடச் சொன்னேன். அந்த நாள்களில் நான் அக்காவுக்குப் போன் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை. நடந்துகொண்டே இருந்தேன். அலுவலகத்தில் ஜன்னலுக்கும் மேசைக்கும், வீட்டில் கதவுக்கும் கட்டிலுக்கும். உண்மையைச் சொன்னால் அவளைக் குழியில் தள்ளுகிறேன், பொய் சொன்னால் நான் யார்? திருகாணியிடம் போய் மூடி விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் என் நெற்றியில் கை வைத்து ஜுரமா என்று பார்க்காத குறைதான்.

மூடி இந்தத் தடவை சுலபமாகத் திறந்தது. அக்கா தொடவில்லை. நாலு எழுபத்திரண்டு. கீச்சென்ற சத்தம் கேட்டு அத்தான் ட்ரம்பெட்டைக் கையில் பிடித்தபடியே இறங்கி வந்தார், அது ஒன்றுதான் அவருக்குக் கேட்கிற சின்னச் சத்தம். மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். அக்கா ரொட்டிக் கூடையை என் பக்கம் தள்ளினாள், என் கண்ணைப் பார்க்கவில்லை.

"நாலு எழுபத்திரண்டு அத்தான். தோண்டலாம்" என்று சத்தமாகச் சொன்னேன். அத்தான் மேசையைத் தட்டினார். அக்காவின் பக்கம் திரும்பி, இனிமேல் உனக்குத் தொல்லை விட்டது, படியேறிப் படியேறி முட்டி தேய வேண்டாம் என்றார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். பரிசு வாங்கி வந்து நீட்டுகிற முகம்.

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேண்டாம்."

அவருக்குக் கேட்கவில்லை. மேஸ்திரிக்குப் போன் போடப் பையைத் துழாவினார். நான் அவர் கையைப் பிடித்து, அக்கா ஏதோ சொல்கிறாள் என்று காட்டினேன். என்னம்மா என்றார்.

"தோண்ட வேண்டாம்."

இதுவும் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நீயே சொல்லிவிடேன் என்கிற பார்வை அது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது, கடித்துக்கொண்டேன். அவள் எழுந்தாள். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அடுத்து வந்த குரலை நான் அவளிடம் அதற்கு முன் கேட்டதில்லை, அதற்குப் பின்பும் கேட்டதில்லை.

"நீங்க கீழ போயிட்டா நீங்க உயிரோட இருக்கீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஊதுங்க! இங்கயே ஊதுங்க! எனக்குக் கேக்கணும்!"

அத்தானுக்குக் கேட்டது. தெருவுக்கும் கேட்டது. சலவைக்கடையில் யாரோ எதையோ கீழே போட்டார்கள். அக்கா உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா வெட்கப்பட்டாளா தெரியாது, தோள் மட்டும் குலுங்கியது.

அத்தான் அவளையே பார்த்தார். படியேறி வந்து நின்ற ஒவ்வொரு தடவையையும் அவர் மனசுக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. ட்ரம்பெட்டை மேசையின் மேல், ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில், சத்தம் வராமல் வைத்தார். அப்புறம் மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

அவர் போனில் பேசுவதும் ஊதுவதும் ஒன்றுதான். "மேஸ்திரி, ஆளுங்களை அனுப்பிடுங்க. தண்ணி ரொம்ப மேல இருக்கு. தோண்ட முடியாது" என்றார். அக்கா முந்தானையை இறக்கினாள்.

மேஸ்திரி விடுகிற ஆள் இல்லை. எத்தனை மீட்டரில் என்று கேட்டிருக்கிறார். அத்தான் போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தாள். அந்த எண்ணின் மேல் இனி யாரும் எதையும் கட்டப் போவதில்லை.

"ரெண்டரை" என்றேன்.

அத்தானுக்குக் கேட்கவில்லை. கத்திச் சொன்னேன்.